நாற்பது நாள் பேசாதவள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மூலையில் போட்டுவிடாதே, முழுசாகப் படி.

தொண்டையில் ஆபரேஷன் ஆகிவிட்டது. குரல்நாணில் முடிச்சு விழுந்திருந்ததாம். நாற்பது நாள் வாய் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் பாடி, முப்பத்தொரு படத்தில் நடித்து, இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டிக் காட்டுகிறேன். சமையல்காரம்மாவுக்குத்தான் கொண்டாட்டம். இந்த வீட்டில் இப்போதுதான் அவள் பேச்சில் குறுக்கிடாமல் ஒருத்தி கேட்கிறாள்.

அப்பா போய் நாலு வருஷமாகிறது. கடைசியாக நான் போன் செய்தபோது, என் குரலைக் கேட்டதுமே நீ வைத்துவிட்டாய். இப்போது என்னிடம் குரலே இல்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

மறுபடி பாட முடியுமா என்று டாக்டருக்குச் சீட்டில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "பார்க்கலாம்மா" என்றார். பயமாக இருக்கிறது அக்கா.

உன் தங்கை


மார்ச் 13

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ ஓய்வில் இருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தான். நீயாவது ஓய்வெடுப்பதாவது என்று அப்போதே நினைத்தேன். வெந்நீரே குடி. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. உன்னைத் தெரியாதா எனக்கு?

நான் அதே தையல் ஃபேக்டரியில்தான் இருக்கிறேன். காலர் தைக்கும் பிரிவுக்கு இப்போது சூப்பர்வைசர். முட்டி வலிக்கிறது. உன் அத்தானுக்குச் சர்க்கரை வந்துவிட்டது, நாக்கு மட்டும் அடங்கவில்லை.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் முதல் பாட்டு வெளிவந்த நாள். மத்தியான ஷிஃப்ட். ஃபேக்டரி ஸ்பீக்கரில் எப்போதும் ஏதாவது ஓடும், மெஷின் சத்தத்தில் யார் காதிலும் விழாது. அன்று என் பக்கத்து மெஷின்காரி திடீரென்று பெடலிலிருந்து காலை எடுத்தாள். பிறகு அவளுக்கு அடுத்தவள். வரிசை வரிசையாக அறுபது மெஷினும் நின்றுபோயிற்று. கத்துவதற்கு வந்த பழைய சூப்பர்வைசரும் கதவோரம் அப்படியே நின்றுவிட்டார். அவ்வளவு பெரிய ஹாலில் உன் குரல் மட்டும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரே போர்வைக்குள் என் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிய கழுதைக்குள் இது எங்கே இருந்தது?

"யாருடி இது, இப்படிப் பாடறா?" என்று பக்கத்துக்காரி கேட்டாள்.

"தெரியாது" என்றேன். தங்கை என்று சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

அதெல்லாம் சரி. ஆனால் அப்பா விஷயத்தில் மனசு ஆறவில்லை. அதை மறைத்துக்கொண்டு உன்னிடம் கொஞ்ச எனக்கு வராது.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

அறுபது மெஷின் நின்றதை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. எனக்கு எத்தனையோ பேர் கை தட்டியிருக்கிறார்கள், நீ ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதனால்தான் இனிமேல் உன்னிடம் பொய் சொல்ல முடியவில்லை. அப்பா போன அன்று, அவருக்கு ரொம்ப முடியவில்லை என்ற தகவல் கச்சேரி முடிந்த பிறகுதான் வந்தது என்றேன் அல்லவா? இல்லை அக்கா. மேடை ஏற அரை மணி நேரம் இருக்கும்போதே உன் போன் வந்துவிட்டது. "கார் ரெடியா நிக்குது. நீங்க சொன்னா கிளம்பிடலாம்மா" என்றார் மேனேஜர். நான்தான் கிளம்பவில்லை. வெளியே நாற்பதாயிரம் பேர். திரைக்குப் பின்னால் நின்றால் அந்தக் கூட்டத்தின் சத்தம் உள்ளங்கால் வழியாக ஏறும். அதை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.

பாடும்போது அப்பாவை நினைத்தேனா என்றால், அதுவும் இல்லை. முதல் அடியிலேயே எல்லாம் மறந்துபோயிற்று. அன்று பாடியதுபோல அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் தங்கை


ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அத்தான் பிடுங்கி வைத்துக்கொண்டார். "பதிலை எழுதிட்டு அப்புறம் கிழி" என்றார். எழுதுகிறேன்.

நீ ஒரு பொய்யைச் சொன்னாய். நானும் ஒன்று சொல்லியிருக்கிறேன். அப்பா உன்னைக் கேட்டுக் கேட்டு ஏங்கியே போனார் என்றேனே, அது பொய். அன்று உன் கச்சேரியை ரேடியோவில் நேரடியாகப் போட்டார்கள். நர்ஸ் ஒருத்தி சின்ன ரேடியோ ஒன்றைத் தலையணைப் பக்கம் கொண்டுவந்து வைத்தாள். அப்பா கண் திறக்காமலே, "சின்னவளா?" என்றார்.

"ஆமாப்பா, அவதான்" என்றேன்.

நீ பாடினாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லையடி. வார்டில் ஓயாமல் இருமுகிறவர்கள்கூட இருமவில்லை. மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் தட்டை வைக்க மறந்து நின்றாள். மூன்று வாரமாக எந்த ஊசிக்கும் இறங்காத வலி, அப்பா முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது பாட்டில், நான் பிடித்துக்கொண்டிருந்த கையை மெல்ல உருவினார். ரேடியோ மேல் வைத்துக்கொண்டார். அப்படியே போய்விட்டார்.

மூன்று வாரம் அவருக்கு எல்லாம் செய்தவள் நான். கடைசியில் கை உன் பக்கம் போயிற்று. உன் மேல் எனக்கு இருந்தது கோபமே இல்லை. பொறாமை. நாலு வருஷமாக அதற்குக் கோபம் என்று பேர் வைத்திருந்தேன்.

நீ வராதது தப்பு. அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். நீ வந்திருந்தால் அவருக்கு அந்த நிம்மதி கிடைத்திருக்காது. அதுவும் நிஜம். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சத்தம் வராமல் அழுதேன். தொண்டைக்கு அதுவும் ஆகாதாம்.

நாற்பது நாள் முடிந்தது. நேற்று டாக்டர் "ஆ சொல்லுங்க" என்றார். வந்தது என் குரலே இல்லை. அடியில் எங்கிருந்தோ கரகரவென்று ஒன்று வந்தது. துணைக்கு வந்த சமையல்காரம்மா, யார் பேசியது என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பேசலாம், நடிக்கலாம், பழைய மாதிரி பாட வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த படத்தில் எனக்கு வேறொரு பெண்ணை டப்பிங் பேச வைக்கிறேன் என்கிறார் டைரக்டர். முடியாது, இருக்கிற குரலில் நானே பேசுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அந்தக் குரல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு தடவை போய்ச் சேர்ந்துவிட்டது. நீ சொல்லாவிட்டால் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, உன் முட்டிக்கு அந்தப் படிகள் ஆகாது. கதவுக்கு வெளியே ஆம்பளைக் குரல் மாதிரி ஒன்று "அக்கா" என்று கூப்பிடும். யாரோ என்று நினைத்துத் திறக்காமல் இருந்துவிடாதே.

உன்
சின்னவள்