கீழே போன மூன்று வரிகள்

அக்டோபர் 7, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஆயர் ஈத்தாமில் பஸ் அரை மணி தாமதம். நாள் முழுக்க ஈரச் செருப்பு.

செல்வம் அண்ணனின் வாக்குமூலம். போன வாரம் எங்கள் கம்பெனிக் கிடங்கில் சுமை விழுந்து இறந்த குமரேசனோடு வேலை செய்தவர். நேரில் பார்த்த ஒரே ஆள். அவர் தமிழில் சொல்ல, நான் மலாய் மொழியில் கம்ப்யூட்டரில் அடிக்க. சொன்ன வரிசை: கிரேன் கம்பியில் இழை பிரிந்திருந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். குமரேசன் சுமைக்குக் கீழே போனான். கம்பி அறுந்தது.

நடுவில் இரண்டு முறை தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை.

வாங்க: குடை, அம்மா மாத்திரை, முறுக்கு மாவு.

அக்டோபர் 8, செவ்வாய்

வெயில். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தார். முதல் மூன்று வரிகளைத் திரையில் விரல் வைத்துக் காட்டி, கடைசியில் போடச் சொன்னார்.

"ஒரு சொல்லும் மாத்தாதே லா. இடத்த மட்டும் மாத்து."

தேர்ந்தெடுத்தேன், வெட்டினேன், கீழே ஒட்டினேன். ஐந்து விநாடி. இப்போது குமரேசன் முதலில் போகிறார், கம்பி அறுகிறது. அதன் பிறகுதான் செல்வம் அண்ணே இழையைப் பார்க்கிறார், சூப்பர்வைசரிடம் சொல்கிறார். யாரும் எச்சரிக்கவில்லை. குமரேசன் தானாகப் போய் நின்றிருக்கிறார்.

நாவல்களில் அத்தியாயத்தை இடம் மாற்றிப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. அதில் யாரும் சாகவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

ஆபீஸ் வழக்கம்: கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். "வாசித்துக் காட்டப்பட்டது" என்ற வரி ஃபைலைத் திறக்கும்போதே அடியில் இருக்கும். யாரும் புதிதாக அடிப்பதில்லை.

செல்வம் அண்ணே பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நான் சொன்னதெல்லாம் இருக்கா தங்கச்சி?"

"இருக்கு அண்ணே."

எல்லாம் இருந்தது. வாசிக்கவா என்று நான் கேட்கவில்லை.

"நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும். எனக்குப் படிக்கத் தெரிஞ்சா உங்க மேனேஜர் நாற்காலியில உக்காந்திருப்பேன்ல."

மேனேஜரும் சிரித்தார். நானும்.

கையெழுத்துப் போட்டு அவர் போன பிறகு ஃபைலைத் திறந்தேன். மூடித் திறந்தால் பழையதை மீட்கும் பொத்தான் சாம்பல் நிறமாகிவிடும். தெரிந்ததுதான். இருந்தாலும் இரண்டு தடவை அழுத்தினேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

தலைவலி. மதியம் சாப்பிடவில்லை. விசாரணை முடிவு வந்தது: குமரேசனின் கவனக்குறைவு. குடும்பத்துக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடையாது. மேனேஜர் எல்லாருக்கும் கறிபப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். முடிவுக்காக இல்லை, தீபாவளிக்காம்.

அக்டோபர் 26, சனி

குமரேசனின் மனைவி புவனா அக்கா போன் செய்தார். கம்பெனித் தாள்களைத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டுமாம். என் நம்பரைக் கொடுத்தது செல்வம் அண்ணே. நல்ல பொண்ணு என்றாராம்.

சுங்கை பினாங் ஃபிளாட்டில் அக்கா வீடு, ஏழாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. வாக்குமூலத்தை இருந்தபடியே படித்தேன். கடைசி மூன்று வரிகளில் நிறுத்தச் சொன்னார்.

"அப்ப கம்பி அறுந்த பிறகுதான் செல்வம் சொன்னானா? முன்னாடியே சொன்னேன்னு எங்கிட்ட அழுதானே. என் கையால சோறு தின்னுட்டு."

"இல்லக்கா. முன்னாடியே சொன்னாரு. நான்தான் கீழ எடுத்துப் போட்டேன்."

அக்கா யார் சொல்லி என்று கேட்டார். சொன்னேன். மகளுடைய பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து என் முன் வைத்தார்.

"இப்ப சொன்னத எழுதிக் குடு. புதன்கிழமைக்குள்ள அப்பீல் போடணும்."

எழுதினேன், பேனாவால், நடந்த வரிசையில். அடியில் பெயர் எழுத வேண்டிய இடம் வந்தது. சுத்தமாக அடித்து நாளைக்குத் தருகிறேன் என்று மடித்துப் பைக்குள் வைத்தேன். அக்கா தடுக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார்.

அக்டோபர் 27, ஞாயிறு

மழை. முறுக்குக்கு மாவு பிசைந்தாயிற்று. தாளை அடிக்கவில்லை. பெயரும் போடவில்லை. வேலை போனால் அம்மா மாத்திரை, வாடகை என்று காலையிலிருந்து காரணங்களை அடுக்குகிறேன். எந்த வரிசையில் வைத்தாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

பத்து மணிக்குள் மூன்று மிஸ்ட் கால். புவனா அக்கா.

"யாருடி அது, விடாம அடிக்கிறாங்க?" என்று அம்மா கேட்டார்.

ஆபீஸ் என்றேன்.