கம்பெனி ஆக்சிலும் காதர் பாய் ஆக்சிலும்

செவ்வாய், அக்டோபர் 5, 1943

காலையிலிருந்து புழுக்கம். மேற்கு மலையில் மேகம் கூடுவதும் கலைவதுமாக ஒரே பாசாங்கு. மழை இல்லை.

தளவாய்புரத்தில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ராஜபாளையத்துக்குள் நுழையும் முன் வண்டிக்கு அடியில் 'டணார்' என்று சத்தம். எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை. டிரைவர் ஆசீர்வாதம் கீழே படுத்துப் பார்த்துவிட்டுப் புழுதி முகத்தோடு எழுந்தான். "பின் ஆக்சில் முறிஞ்சுபோச்சும்மா." சொன்ன விதத்தைப் பார்த்தால் நான்தான் கடித்து முறித்தேன் போல.

மாடு பூட்டி இழுத்துக் காதர் பாய் பட்டறையில் விட்டோம். சந்தைக்குப் போகிற கூட்டம் நின்று வேடிக்கை. "இன்னைக்கு டாக்டரம்மா வண்டிக்கே பிரசவம்டோய்" என்று எவனோ. எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கு வரவில்லை. ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன்.

மனசில் ஒரே பெயர். சீனியம்மா. மகாராஜபுரம். ஒன்பதாம் மாதம். போன தடவை பிள்ளை குறுக்கே கிடந்தது; நான் போய்ச் சேரும் முன்பே கை வெளியே வந்து, பிள்ளை போய்விட்டது. இந்தத் தடவையும் குறுக்கேதான். போன வாரம் வயிற்றின் மேலேயே தடவித் தலையைக் கீழே திருப்பிவிட்டு வந்தேன். திரும்பிய பிள்ளை அப்படியே இருக்கும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. "வலி எடுத்ததும் ஆள் அனுப்புங்க, பறந்து வந்துருவேன்" என்று அந்த வீட்டு வாசலில் நின்று சவடால் அடித்தேன். நன்றாகப் பறந்தேன்.

புதன்

புழுக்கம் அப்படியே. ஆஸ்பத்திரியில் கூட்டம். சிரங்கு, பேதி, ஒரு தேள்கடி. முடித்துவிட்டு ராஜபாளையம்.

கா. பாய் பெஞ்சின் மேல் இரண்டு ஆக்சில் வைத்திருந்தார். இரண்டும் நீளமான இரும்புத் தண்டு. என் கண்ணுக்கு உலக்கைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"இது கம்பெனி உருப்படி டாக்டரம்மா. இந்தா பாருங்க முத்திரை. ஆனா எவனோ ஓட்டித் தேய்ச்ச வண்டியில கழத்துனது. இது நான் கடைஞ்சது. பருத்தி ஆலைத் தண்டு இரும்பு. புத்தம் புதுசு, முத்திரைதான் கெடையாது."

"எது நல்லது பாய்?"

"ரெண்டும் நல்லதுதான்."

இந்தப் பதிலுக்கு ரயிலேறி வர வேண்டுமா?

இரண்டையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மாறுமாம். இரண்டும் கோயில் மணி மாதிரி ஒரே ஓசை. அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினோம்.

ஆசீர்வாதம் பாயின் பக்கம். "கம்பெனிக்காரன் மட்டும் வானத்துல இருந்தா செஞ்சு போடுதான்? அவனும் கடைசல்லதான கடையுதான்?" வாயை மூடு என்றேன். மருந்துக் குப்பியில் சீல் பார்க்காமல் நான் ஊசியில் ஏற்றுவேனா? முத்திரை என்றால் யாரோ ஒருத்தன் பொறுப்பு ஏற்றிருக்கிறான் என்று அர்த்தம். இந்த உலக்கைக்கு யார் பொறுப்பு?

மதுரைக் கடையில் புது கம்பெனி ஆக்சில் ஒன்றே ஒன்று இருப்பதாகச் சேதி. நாளை ரயில் பார்சலில் வந்துவிடுமாம். சண்டைக் காலத்தில் 'வந்துவிடும்' என்ற வார்த்தையை நம்பினேன்.

வியாழன்

பார்சல் இல்லை. ஸ்டேஷனுக்கு இரண்டு நடை. "கப்பல்ல சாமான் வந்தாத்தானம்மா ரயில்ல வரும்" என்று பார்சல் குமாஸ்தா எனக்குப் பாடம் நடத்துகிறார்.

பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் வத்திராயிருப்பு பஸ் கண்டக்டரிடம் காலையிலேயே சீனியம்மா வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்பினேன்: வண்டி முறிந்து கிடக்கிறது, பெண்ணை மாட்டு வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு இங்கே கூட்டி வாருங்கள், பிரசவம் வரை என் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும்.

சாயங்காலம் பதில் வந்தது. மாமியார் குருவம்மா சொன்னதைக் கண்டக்டர் அப்படியே ஒப்பித்தான்: "ஒம்பதாம் மாசம் பொறந்துட்டா எங்க வீட்டுப் பொம்பளைக ஊரெல்லை தாண்டப்படாது. எல்லைக் கருப்பன் கோவிச்சுக்கிடுவான். டாக்டரம்மா வருவாக."

வருவாகளாம்! கருப்பனா வந்து பிள்ளையைத் திருப்பப் போகிறான்? கோபத்தில் கண்டக்டரைப் பிடித்துத் திட்டினேன். பாவம், அவன் என்ன செய்வான்? "உங்க வண்டி இனி ஓடாதுன்னு பஸ்ஸு பூரா பேச்சும்மா, நெசமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

பஸ்ஸில் போய்விடலாமே என்கிறாள் ஆயா மார்த்தாள். காலையில் ஒரு நடை, அதுவும் வத்திராயிருப்பு வரைதான். வலி பஸ் நேரம் பார்த்தா எடுக்கும்?

ஜெபம் ஓடவில்லை. 'கர்த்தாவே' என்று தொடங்கினால் 'ஆக்சில்' என்று முடிகிறது.

வெள்ளி

பார்சல் இன்றும் இல்லை. போதும்.

ராஜபாளையம். கா. பாயை நேராகக் கேட்டேன்: "உங்க வீட்டுப் பொம்பளைக்கு வலி, இந்த வண்டியிலதான் போகணும்னா, எதைப் போடுவீங்க?"

பாய் தாடியைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். "அல்லா மேல பாரத்தைப் போட்டுட்டு, எதையாச்சும் ஒண்ணைச் சுருக்கப் போடுவேன் டாக்டரம்மா. ரெண்டையும் பாத்துக்கிட்டே நிக்க மாட்டேன்."

சுருக்கென்று தைத்தது. மூன்று நாளாக அதைத்தானே செய்கிறேன்.

அவர் கடைந்ததையே போடச் சொன்னேன். காரணம் கேட்டால் இதுதான்: பழைய இரும்பு எங்கே எவனிடம் என்ன பாடு பட்டதோ, யாருக்கும் தெரியாது. புது இரும்பை இனிமேல்தான் நாம் கெடுக்க வேண்டும். சரியோ தப்போ, முடிவு செய்ததும் பசி எடுத்தது. பட்டறையிலேயே இரண்டு பரோட்டா.

பொழுது சாயும் முன் மாட்டி முடித்தார்கள். ஸ்ரீவி. வரை வண்டியிலேயே வந்தேன். ஒரு முனகல்கூட இல்லை. மகாராஜபுரத்துக்குச் சேதி சொல்லிவிடலாமா என்று மார்த்தாள் கேட்டாள். எதற்கு? நாளைக்கு நானே போய் வாசலில் நின்றால் அதைவிடப் பெரிய சேதியா? வண்டியைப் பார்த்தால் அந்தக் கிழவி வாயடைத்துப் போவாள். மருமகளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வருவேன், கருப்பன் வேண்டுமானால் பின்னாலேயே ஓடி வரட்டும்.

சனி

வெயில். காலை நோயாளிகளை முடித்துவிட்டுக் கிளம்புகிறேன்.

எடுத்துக்கொண்டது: ஆயுதப் பெட்டி, லைசால், குளோரோஃபார்ம், பஞ்சு, இரண்டு வெள்ளைச் சேலை, பிஸ்கட்டு, பெட்ரோல் கூப்பன் மிச்சம் இருந்த அத்தனையும். ஆசீ. தலைவாரிப் பவுடர் போட்டிருக்கிறான். ஆக்சிலுக்கு மரியாதையாம்.

ஞாயிறு

நேற்று பிறகு எழுத முடியவில்லை. இன்று கோயில் ஆராதனைக்கும் போகவில்லை.

நடந்ததை நடந்தபடி.

புரட்டாசிச் சனி என்பதை மறந்தே போனேன். ரோடு முழுக்க, எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றின் பெருமாளைப் பார்க்கப் போகிற ஜனம். வண்டிகள், மொட்டைத் தலைகள், 'கோவிந்தா'. எங்கள் வண்டி எறும்பாக ஊர்ந்தது. இருந்தாலும் ஆக்சில் இம்மி பிசகவில்லை. ஆசீ. பள்ளத்தில் இறக்கி ஏற்றும்போதெல்லாம் "பாத்தீகளா, பாத்தீகளா" என்று என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நானும் சிரித்தேன்.

மகாராஜபுரம். சீனியம்மா வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "விடியக் கருக்கல்லயே வலி கண்டுட்டு. உங்க வண்டிதான் ஓடாதுன்னாகளே? குருவம்மா கருப்பனுக்குச் சூடத்தைக் கொளுத்திக் கும்புட்டுட்டு, வண்டி கட்டி உங்க ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிட்டா. ரோட்டுல கோவிந்தாக் கூட்டம்னு கம்மாக்கரை வழியாப் போனாக. நீங்க பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. அவர்கள் கண்மாய்க் கரையில், நான் ரோட்டில்.

"ஓட்டுலே" என்றேன் ஆசீர்வாதத்தைப் பார்த்து. "புது ஆக்சிலும்மா, ரொம்ப வெரட்டப்படாதுன்னு பாய்..." "ஓட்டு!" விரட்டினான். ஒடியட்டும், ஒடிந்தால் ஓடியே போகிறேன் என்று கிடந்தேன். ஒடியவில்லை. எத்தனை பள்ளம், எத்தனை கல்! ஒடியவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மாடுகள் அவிழ்த்துக் கட்டியிருந்தன. மார்த்தாள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் புறப்பட்டுப் போன சற்று நேரத்திலேயே வந்திருக்கிறார்கள். பிள்ளை மறுபடி குறுக்கே. கை வெளியே வந்திருந்தது. போன தடவை மாதிரியே.

ஆண் பிள்ளை. உயிர் இல்லை. சீனியம்மாவின் உயிருக்குப் பயம் இல்லை, இனிமேல் தேறிவிடுவாள். வேறென்ன எழுத?

திங்கள்

லேசான தூறல். சீனியம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. கஞ்சி குடித்தாள். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குருவம்மா வராந்தாவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கையைக் கூப்பினாள். "என் மேலதான் தப்பு தாயி. எல்லை தாண்டிக் கூட்டியாந்தேன்ல, அதான் கருப்பன் எடுத்துக்கிட்டான்."

சரி என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இல்லைம்மா. நீங்க கூட்டி வந்ததுதான் சரி. நான் இங்க இருந்திருந்தா பிள்ளை பிழைச்சிருக்கும். நான் உங்க ஊருக்குக் கிளம்பிப் போயிட்டேன்."

"எப்படிப் போனீக? வண்டிதான் ஒடிஞ்சு கெடந்துச்சே?"

"சரியாயிடுச்சு."

"எப்ப தாயி?"

"வெள்ளிக்கிழமை."

கிழவி என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

"ஒரு சொல்லு சொல்லி விட்டிருந்தா, வீட்டுலயே கெடந்திருப்போமே தாயி."