இறக்கம் மட்டுமே உள்ள வழி

மாப்ளே,

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கினால் கண்ணாடி முழுக்க ஈரம் பூத்துக் கிடந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன், கை வரவில்லை. பனி மூடும் நாட்களில் அந்தக் கண்ணாடிதான் உனக்குக் கரும்பலகை. விரலால் மேலே ஒரு வளைவு போடுவாய், அது நம் மலையிலிருந்து இறங்கும் பழனி ரோடு. அதிலிருந்து நெளிந்து இறங்கும் கோடு, ஓடை. கோட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் செம்பாறைச் சுவர்கள். நீ வரைந்து முடிப்பதற்குள் எல்லாம் வழிந்து ஒன்றாகிவிடும். "ஓடையில வெள்ளம் வந்துருச்சு மாப்ளே, இன்னிக்குப் போக முடியாது" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். ஸ்வெட்டர் விலை கேட்க வந்தவர்கள், இந்தக் கடையில் யார் முதலாளி என்று தெரியாமல் முழிப்பார்கள்.

உனக்கு டூரிஸ்ட் வேன், எனக்கு ஸ்வெட்டரும் குல்லாவும். வெளியூர்க்காரன் குளிரில் நடுங்கினால்தான் நம் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும். சவாரி இல்லாத சாயங்காலங்களில் என் கடையில் வந்து உட்கார்ந்துகொள்வாய். உட்கார்ந்தால் பேச்சு அந்த ஒரே இடத்தைப் பற்றித்தான்.

பழனி ரோட்டில் ஒரு வளைவில் மட்டும், கீழே மலை இரண்டாகப் பிளந்து செக்கச்செவேலென்று தெரியும். சுற்றிலும் பச்சையாக இருக்க, அந்த இடம் மட்டும் யாரோ செங்கல் சூளையைத் திறந்து போட்டதுபோல இருக்கும். டூரிஸ்ட்டுகளை அங்கே இறக்கி போட்டோ எடுக்கச் சொல்வாய். நீ மட்டும் ஸ்டியரிங்கை விட்டு இறங்க மாட்டாய். எதிரே லாரி வந்தால் வண்டியை ஒதுக்க வேண்டும். உன் சீட்டிலிருந்து பார்த்தால் ரோட்டுத் தடுப்புச் சுவர்தான் தெரியும். நீ அதை முழுசாகப் பார்த்தது ஒரே ஒரு தடவை, இலங்கையிலிருந்து உங்கள் குடும்பம் வந்து சேர்ந்த புதிதில்.

"பஸ்ஸுல அம்மா மடியில ஒக்காந்து பாத்தேன் மாப்ளே. அங்க தேயில எஸ்டேட்டுல எந்தப் பக்கம் திரும்புனாலும் பச்சைதான். மலை செவப்பாவும் இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. ஒரு நாளு அதுக்குள்ள எறங்கி நடக்கணும், வெளங்குதா?"

எனக்கு விளங்கியது. ஆனால் அந்த ஓடையின் குணம் உனக்கும் தெரியும். ஐப்பசி மழையில் புரண்டு ஓடினால் தை வரைக்கும் காலே வைக்க முடியாது. மாசியில்தான் வற்றும். அது வற்றும் நேரத்தில் பழனிக்குப் பங்குனி உத்திரக் கூட்டம் வரும், உனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அது முடிந்து நிமிர்ந்தால் சீசன். வருசம் முழுக்கச் சாப்பிட அந்த இரண்டு மாதம்தான் நமக்கு. "சீசன் முடியட்டும் மாப்ளே" என்று ஒரு வருசம் நீ சொல்வாய், மறு வருசம் நான் சொல்வேன். சீசன் முடிந்த கையோடு மழை வந்துவிடும். இந்த ஊரில் கல்யாணத்தையும் பல் பிடுங்குவதையும்கூட அப்படித்தான் தள்ளிப்போடுகிறார்கள். நாம் மட்டும் என்ன விதிவிலக்கா?

பிறகு உனக்கு அந்த இருமல் வந்தது. கடைவீதி ஏற்றத்தில் பாதியில் நின்று, சினிமா போஸ்டர் பார்ப்பதுபோல் பாவனை செய்வாய். ஒரே போஸ்டரை எவ்வளவு நேரம்தான் ஒரு மனுசன் பார்ப்பான்? மதுரை டாக்டர் நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று சொன்னதை, ஏதோ வண்டி டயரைப் பற்றிப் பேசுவதுபோல் வந்து சொன்னாய். "ஏத்தம் ஏறக் கூடாதாம்" என்றாய். நான் ஸ்டூலை உன் பக்கம் நகர்த்தினேன். நீயோ கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டாய்.

"அதுனால என்ன? ஏத்தமே இல்லாம ஒரு வழி இருக்கு மாப்ளே. ஆடு மேய்க்கிறவங்ககிட்ட வெசாரிச்சுட்டேன். வளைவுல எறங்கிட்டா எறக்கம்தான். செவப்புப் பாறைக்குள்ள பூந்து, ஓடையோட போயி, பழனிப் பக்கம் தோட்டத்துல வெளிய வந்துரலாம். அங்கருந்து பஸ்ஸு. பாரஸ்ட்டு வாச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அன்றிலிருந்து நம் திட்டத்துக்குள் உட்காரும் இடங்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஒரு மருதமரத்து நிழல் மட்டும். அப்புறம் அதைத் தாண்டி ஒரு தட்டைப் பாறை. அப்புறம் சுவர்கள் நெருங்கி வரும் இடத்தில் ஒரு குடைவு. கடைசியில் சுனை. ஒவ்வொரு தடவை நீ டாக்டரிடம் போய் வந்த பிறகும் கண்ணாடியில் ஒரு புள்ளி கூடியது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு தூரம் உன்னால் ஒரு மூச்சில் நடக்க முடிகிறது என்பதை நீ வாய்விட்டுச் சொன்னதே இல்லை, எனக்குக் கண்ணாடி சொல்லிவிடும்.

அந்த வருசம் ஓடை வற்றிய மாசியில் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். மே மாதம் வெளியே விட்டார்கள். மலைக்காற்று இனி ஆகாது, கீழே போய் இருங்கள் என்றார்கள். பழனியில் உன் கொழுந்தியாள் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. வாடகைக் காரில் உன்னை முன்சீட்டில் உட்கார வைத்தோம். பின்னால் நானும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரியும். வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக அந்த ரோட்டில் இடது பக்கம் உட்கார்ந்து போகிறாய். வளைவு வரும்போது காரை நிறுத்தி உன்னைக் கைத்தாங்கலாக இறக்கிக் காட்டிவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு நினைப்பு.

சீசன் நம்மை அங்கேயும் விடவில்லை. வளைவு முழுக்க வேன்கள், குல்லா போட்ட குழந்தைகள், வேகவைத்த சோளம் விற்பவர்கள். பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தான். "எங்கிட்டுண்ணே நிறுத்துறது? எடமே இல்ல" என்றான் டிரைவர். "ஒரே நிமிசம் நிறுத்துப்பா, உனக்குப் புண்ணியமா போகும்!" என்று நான் கத்தினேன். நீ பின்னால் கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினாய்.

"விடு மாப்ளே. வளைவுல நிறுத்துனா பின்னாடி வர்றவன் என்னா செய்வான்? நானா இருந்தாலும் நிறுத்த மாட்டேன்."

கார் நகர்ந்தது. இரண்டு வேன்களுக்கு நடுவே சிவப்பு ஒரு கீற்றாக வந்து போனது.

"பாத்தியாடா?" என்றேன்.

"பாத்தேன். செவப்பாத்தான் இருக்கு" என்றாய். அதற்கப்புறம் பழனி வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வந்தாய்.

மழை பிடித்த கொஞ்ச நாளில், நீ போய்விட்டாய் என்று போன் வந்தது. பஸ்ஸில் பழனிக்கு இறங்கி வந்தேன். வளைவில் கீழேயிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உன்னைப் பார்க்கத்தானே போகிறேன், அதைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது என்று கோபமாக வந்தது. யார் மேல் கோபம் என்று இன்றுவரை தெரியவில்லை.

மறு வருசம் மாசியில் தங்கச்சி பழனியிலிருந்து பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டது. "அண்ணே, ஓடையில தண்ணி வத்திருச்சாம். போவமா?" கையில் தேங்காய் ரொட்டியும், தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கட்டிய பொட்டலம். நான் யோசிப்பதற்குள் என் வீட்டுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கடையைப் பூட்டினேன்.

உள்ளே எப்படி இருந்தது என்று கேட்பாய். சொல்கிறேன். சுவர்கள் நிஜமாகவே சிவப்பு. வெயில் படும் பக்கம் மருதாணி இட்ட கை நிறம், நிழல் பக்கம் காய்ந்த மிளகாய் நிறம். ஒரு பக்கம் கையை வைத்தால் சுடுகிறது, எதிர்ப்பக்கம் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. பேசினால் நம் பேச்சே திரும்பி வருகிறது. நீ அங்கே இருந்திருந்தால் கத்திக் கத்தியே இருமல் வரவழைத்திருப்பாய்.

மருதமரம் வந்ததும் இங்கே உட்கார வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கச்சி அதற்குள் உட்கார்ந்திருந்தது. எஸ்டேட் மலையில் தேயிலைக் கூடை சுமந்து ஏறிய காலுக்கு இந்த இறக்கம் எம்மாத்திரம்? அதற்கு மூச்சு இளைக்கவில்லை. எங்களுக்கும் இளைக்கவில்லை.

"இங்கதானேண்ணே மொத ஒக்காரணும்?"

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"படுக்கையில கெடந்துக்கிட்டு இதத்தானே சொல்லிக்கிட்டு இருந்தாரு. மூச்சு எடுக்க முடியாதப்பக்கூட."

மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி எதையோ காதுகொடுத்துக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ம், போதும். இப்ப எந்திரிக்கலாம்" என்றது. தட்டைப் பாறையிலும் அப்படியே. பாறைக் குடைவிலும் அப்படியே. அங்கேதான் எனக்கு உறைத்தது. இளைத்த உன் மூச்சு அடங்கிச் சீராக எவ்வளவு நேரம் ஆகும் என்று அதற்குத் தெரியும். பக்கத்தில் படுத்துக் கேட்ட காது அது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன், மாப்ளே. அந்தப் பாறை என் அழுகையையும் திருப்பித் தந்தது.

சுனையில் உட்கார்ந்தோம். ரொட்டியைப் பிரித்தோம், யாரும் தின்னவில்லை. தங்கச்சி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தது. போதும் என்று சொல்லும், சொல்லும் என்று நானும் காத்திருந்தேன். அது சொல்லவில்லை. வெயில் சுவரில் ஏறி ஏறி மேலே போய்விட்டது. கடைசியில் என் வீட்டுக்காரிதான் எங்கள் இருவரையும் கைபிடித்துத் தூக்கி, தோட்டத்து வழியாகப் பஸ் வரைக்கும் கூட்டிவந்தாள்.

கால் வெளியே வந்துவிட்டது. நான் இன்னும் அந்தச் சுனையோரம்தான் உட்கார்ந்திருக்கிறேன், மாப்ளே. உன் மூச்சு அடங்கட்டும்.