பழமலை நகரில் சுட்ட ஐந்து அணுக்கள்

மாமா, இதை நீங்கள் இருக்கும்போது சொல்லியிருந்தால் ஓட ஓட விரட்டியிருப்பீர்கள். நேற்றுக் காலை உங்கள் அணுவின் மேல் நான்கு இட்லியை வைத்து, கெட்டிச் சட்னி ஊற்றித் தின்றுவிட்டேன். தெரியாமல்தான். வீட்டில் தட்டெல்லாம் கழுவாமல் கிடக்க, என் மனைவி பரணிலிருந்த ஏதோ ஒன்றை எடுத்துப் பரிமாறிவிட்டாள். சட்னியை விரலால் வழித்து நக்கும்போதுதான் அடியிலிருந்து நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் அங்கொன்று இங்கொன்றாக. விரல் வாயிலேயே நின்றுவிட்டது. ஐம்பது வயது ஆள் காலித் தட்டைப் பார்த்துக் கண் கலங்குவதைக் கண்ட மனைவி, "இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்றாள்.

உங்கள் காரியம் முடிந்த அன்று அக்கா என் கையில் கொடுத்த தட்டு அது.

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து எனக்கு நீங்கள் மாமா. பீங்கான் ஷெட்டில் பங்காளி. பங்காளி என்றால், மண் உங்கள் கையில், வாய் என் கையில். நீங்கள் அச்சில் ஊற்றிச் சுட்டு எடுக்கும் ஃப்யூஸ் கட்டைகளையும் பொம்மைகளையும் சேத்தியாத்தோப்பு வரை கொண்டுபோய்ப் பேசி விற்பது என் வேலை. நான் ஒரு முறை பொம்மை செய்து பார்த்தேன். பிள்ளையார் என்று நினைத்துச் செய்ததை நீங்கள் பார்த்துவிட்டு, "எருமை நல்லா வந்திருக்குது மாப்ள" என்றீர்கள்.

உங்களுக்கு இருந்த ஒரே கெட்ட பெயர், சொன்ன நேரத்துக்கு எதையும் தரமாட்டீர்கள் என்பது. உங்கள் கல்யாணத்துக்கே முகூர்த்தம் முடியும் நேரத்தில்தான் வந்தீர்கள் என்று பெண்ணாடத்துப் பெரியம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். அப்படிப்பட்டவரை நம்பி, பள்ளியில் அறிவியல் டீச்சரான அக்கா, கண்காட்சிக்கு ஐந்து அணு பொம்மைகள் தருவதாக ஹெட்மிஸ்ட்ரஸிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். அணுவைப் பற்றி மனிதன் நினைத்தது எப்படியெல்லாம் மாறியது என்று பிள்ளைகள் வரிசையாகப் பார்க்க வேண்டுமாம். ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டாராம், "டீச்சர், உங்க வூட்டுக்காரரா? வேற ஆள் கெடைக்கலயா?"

அக்கா அதை உங்களிடம் அப்படியே சொன்னாள். அன்று சாயங்காலம் நீங்கள் டீக்கடைக்கு வரவில்லை. மனசுக்குள் குத்திவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

வெள்ளைக்காரப் பெயர்கள் உங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் விஞ்ஞானிகளுக்கெல்லாம் நீங்களே பெயர் வைத்தீர்கள். முதல் ஆள் கெட்டிக்காரர். அணு என்பது பிளக்கவே முடியாத கெட்டி உருண்டை என்றவர். உள்ளே வெற்றுக் கூடாக வைத்துச் செய்தால் போதுமே என்று அக்காவே சொன்னாள். நீங்கள் கேட்டால்தானே.

"உள்ள கூடு வெச்சா அந்த மனுஷன ஏமாத்துன மாதிரி ஆயிடும்மா. அவரு கெட்டின்னு சொன்னா கெட்டியாத்தான் செய்யணும்."

வெளியே மழைக்காலம். உருண்டை உள்ளுக்குள் காயவே இல்லை. சூளைக்குள் வைத்த கொஞ்ச நேரத்தில் டமார் என்று ஒரு சத்தம். பிளக்க முடியாத அணு பிளந்து, பக்கத்தில் இருந்த பொம்மைகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருந்தது. பக்கத்து ஷெட்டுக்காரர் டீக்கடையில் கதை கட்டினார்: "மாமனும் மச்சானும் அணு செய்யறாங்களாம்ப்பா. நெய்வேலி கரண்டு பத்தலயாம்." ஒரு வாரம் என்னால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. கடைசியில் கூடு உருண்டைதான். ஆவி போக அடியில் ஒரு துளை. "பெரியவரு மன்னிக்கட்டும்" என்று துளையைக் கீழே மறைத்து வைத்தீர்கள்.

அடுத்தவர் தர்பூசணிக்காரர். பழத்தில் விதை பதிந்திருப்பதுபோல அணுவுக்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்றவர். கறுப்பு மணிகளைப் பதித்து ஒரே சூட்டில் முடித்தீர்கள். மூன்றாமவர்தான் படுத்திவிட்டார். மெல்லிய தங்கத் தகட்டின் மேல் துகள்களை ஏவினாராம். கிட்டத்தட்ட எல்லாம் தாண்டிப் போக, எப்போதாவது ஒன்று திரும்பி வந்ததாம். அக்கா சொல்லி முடிக்கவில்லை, நீங்கள் எனக்கே விளக்கினீர்கள்:

"முந்திரித் தோப்புக்குள்ள கல்லு வுடறோம் மாப்ள. எல்லாம் அந்தப் பக்கம் போயிடுது. ஒண்ணு மட்டும் நம்ம மண்டைக்கே திரும்பி வருது. அப்ப உள்ள என்னமோ கெட்டியா இருக்குதா இல்லியா?"

நடுவில் உட்கருவுக்கு ஒரு கடுகு உருட்டினீர்கள். கடுகு இவ்வளவு என்றால், அணுவின் ஓரம் பழமலைநாதர் கோயில் மதில் வரைக்கும் போகும், நடுவிலெல்லாம் வெறும் இடம் என்றாள் அக்கா. "அப்ப விருத்தாசலத்தையே சூளையில வைக்கணுமே" என்று நீங்கள் தலையில் கை வைத்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான்காமவர் டென்மார்க்காரர். எலக்ட்ரான்கள் வட்டப் பாதையில் உட்கருவைச் சுற்றுகின்றன என்றவர். களிமண் வளையங்கள் சூட்டில் தொய்ந்து கோழிமுட்டை வடிவத்தில் வந்தன. நீங்கள் முகம் தொங்கிப்போய் அக்காவிடம் காட்டினீர்கள். அவள் சிரித்துவிட்டாள். "இருக்கட்டும். பின்னால வந்த ஒருத்தரு, வட்டம் மட்டும் இல்ல, நீள்வட்டமும் உண்டுன்னுதான் சொன்னாரு."

"அவரும் சூளை வெச்சிருந்திருப்பாரு" என்றீர்கள்.

பாக்கி ஐந்தாவது. எலக்ட்ரான் இங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்லலாம். ஒரு மேகம் மாதிரி. இதை அக்கா சொன்னபோது நான் கொட்டாவி விட்டேன். நீங்கள் மட்டும் டீ ஆறும் வரை கிளாஸிலிருந்து எழும் ஆவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு அது பிடிபட்ட நேரம் அதுதான் என்று இத்தனை வருடமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் நான் சொல்லிவருகிறேன்.

கண்காட்சியன்று காலை. மேசையில் நான்கு அணுக்கள், ஐந்தாவது இடம் காலி. கல்வி அதிகாரி வந்து இறங்கிவிட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் அக்காவைப் பார்த்த பார்வையில், 'நான் அப்பவே சொன்னேனே' என்று எழுதி ஒட்டியிருந்தது. அக்கா வாசலையே பார்க்கிறாள், முந்தானையை முறுக்குகிறாள். நான் பேசியே அதிகாரியை முதல் மேசையில் நிறுத்தி வைத்திருந்தேன்; வாழ்க்கையில் என் வாய்க்குக் கிடைத்த ஒரே நல்ல வேலை. அப்போது உங்கள் வண்டிச் சத்தம். தலையெல்லாம் மண், கையில் சாக்கில் சுற்றிய இந்த நீலப் புள்ளித் தட்டு, சூளைச் சூடு ஆறாமல்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இதுல எலக்ட்ரான் எங்கப்பா?"

"எங்கன்னு சொல்ல முடியாதுங்க. எங்க ஜாஸ்தி இருக்கும்னுதான் சொல்ல முடியும். எம் பொஞ்சாதியக் கேளுங்க, என்னப் பத்தியும் அதையேதான் சொல்லும்."

ஹாலே சிரித்தது. ஹெட்மிஸ்ட்ரஸும் சிரித்தார். அக்கா முறைத்தாள். ஆனால் முந்தானையை விட்டுவிட்டாள்.

நீங்கள் போன பிறகும் ஷெட்டுக்குப் போகிறேன். டீக்கடையில் பெஞ்சின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்காருகிறேன். சூளைப் பக்கம் யாராவது இருமினால் திரும்பிப் பார்க்கிறேன். மாமா இல்லை என்று யாரிடமும் எனக்குச் சொல்ல வரவில்லை. இருக்கும் வாய்ப்பு ரொம்பக் குறைந்துபோயிற்று, அவ்வளவுதான். படிப்பு ஏறாத எனக்கு நீங்கள் விட்டுப்போன விஞ்ஞானம் இது ஒன்றுதான்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, அந்த நீள்வட்டக் கதை சரிதானா என்று கேட்க அக்காவுக்குப் போன் போட்டேன். முழுவதையும் படித்துக் காட்டினேன். டீ ஆவி வரும் இடத்தில் அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"அடப்பாவி. அவரு செஞ்ச அஞ்சாவது, பளபளப்புக்குப் பூசுன கிளேஸ் வழிஞ்சு சூளைப் பலகையோட ஒட்டிக்கிச்சுடா. ஒடைச்சுத்தான் எடுக்கணும். அதான் கைக்குக் கெடைச்சத எடுத்தாந்துட்டாரு."

"அப்ப இந்தத் தட்டு?"

"சாயம் அடிக்கிற ஸ்பிரே கன் அடைச்சிருக்குதான்னு பீச்சிப் பார்ப்பாரே, அந்தத் தட்டு. அதுவும் கூடவே சூளையில வெந்திருந்துச்சு. மேசையில வெக்கும்போதே எனக்குத் தெரியும். சொன்ன நேரத்துக்கு வந்துட்டாரேன்னு வுட்டுட்டேன்."