பேனா நின்ற இடம்

இன்று மதியம் மர பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அம்மாவின் பட்டுப் புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டேன். பதில் வராதபோதுதான் திரும்பிப் பார்த்தேன். முக்காலி காலியாக இருந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பாடாமல் பீரோவை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பாட்டு எழுதுவது இந்த ஊரில் உனக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் நான் சொல்லித் தெரிந்ததல்ல. ஆபீஸ் விட்டு வரும்போது மழை பிடித்து, தம்பானூரில் உன் லாட்ஜ் வாசலில் ஒதுங்கினேன். எனக்கே தெரியாமல் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். வரவேற்பு மேசையிலிருந்து நீ எட்டிப் பார்த்தாய்.

"இது எந்தப் படத்துல உள்ள பாட்டு?"

"பழைய படம்."

"நான் பாக்காத பழைய படமா? பேரு சொல்லு, கேப்போம்."

நான் மழையைப் பார்த்தேன்.

"கள்ளி. நீயா கெட்டினதா?" என்று சிரித்தாய். மார்த்தாண்டத்திலிருந்து வேலைக்கு வந்தவள் நீ. உன் தமிழும் மலையாளமும் ஒன்றின் வீட்டுக்குள் மற்றொன்று கேட்காமல் நுழையும். அன்றைக்கே என்னை 'ஏட்டி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நம்முடையவை ஆயின. எங்கள் வீடு பழவங்காடிப் பிள்ளையார் கோயிலை ஒட்டிய சந்தில். மாலை நடை திறந்ததும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். அதிலிருந்து தப்பிக்கத்தான் பீரோ. நான் உள்ளே தலையை விட்டுப் பாடுவேன். நீ பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, என் முதுகின் மேல் போர்த்திய கம்பளி நழுவாமல் பிடித்துக்கொள்வாய். தேங்காய்ச் சத்தம் எப்படியோ பதிவில் விழுந்துவிட்டால் எனக்கு அழுகை வரும். "பிள்ளையாரு தாளம் போடுகாரு. விடுட்டி" என்பாய்.

நான் விடவில்லை. பதிவு செய்த ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பின்னால் கேட்கும் ஓசைகளை ஒவ்வொன்றாக அழிப்பேன். தேங்காய், ஆட்டோ ஹாரன், அம்மா பாத்திரம் கழுவுவது, உன் வளையல், நடுவில் தாங்க முடியாமல் நீ சிரித்த சிரிப்பு. கடைசியில் என் குரல் மட்டும் மிஞ்சும். அதைத்தான் உனக்கு அனுப்புவேன்.

நீ அதைக் கேட்டுக் கருத்துச் சொன்ன விதம் உலகத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. "எனக்கு ராகம் ஒண்ணும் அறிஞ்சூடா" என்று, தெரியாததை முதலிலேயே சொல்லிவிட்டாய். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாட்டைப் போடுவாய். ரூம் எடுக்க வந்தவர்கள் ரெஜிஸ்டரில் பேரும் ஊரும் எழுதிக்கொண்டிருப்பார்கள். எந்த வரியில் அவர்களின் பேனா நிற்கிறது என்று பார்ப்பாய். மறுநாள் டீக்கடையில் எனக்குத் தீர்ப்பு வரும்.

"தென்காசிக்காரரு ஒருத்தரு மூணாவது வரியில பேனாவத் தூக்கிட்டாரு கேட்டியா. பொறவு கடல் வந்துது. திரும்ப எழுதப் போயிட்டாரு."

"கடலுக்கு என்ன குறை?"

"கடல் கடல்னு பாடுகியே. நீ சங்குமுகத்துக்குப் போயி எத்தன வருசம் ஆச்சு?"

படித்த புத்தகங்களிலிருந்து எடுத்துவந்த கடல் அது. அன்று இரண்டு டீயும் ஆறிப்போயின. அடுத்த வாரம் அந்த வரியில் எங்கள் மொட்டை மாடியில் காயும் துணிகளை வைத்தேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அந்த இடத்தில் ஊர்ப் பேரைப் பாதி எழுதி நிறுத்திவிட்டாள் என்று ஓடிவந்து சொன்னாய். எந்தப் பரிசும் எனக்கு அந்த அளவு சந்தோஷம் தந்திருக்காது.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இத்தனை நேரம் சுற்றி வந்தேன்.

கடைசிப் பாட்டு. பல்லவியும் ஒரு சரணமும்தான் ஆகியிருந்தன. இரண்டாம் சரணத்துக்கு வார்த்தை இல்லை, தன்னனா போட்டு வைத்திருந்தேன். அந்த ஞாயிறு என் குரல் ஒருபோதும் இல்லாதபடி நன்றாக இருந்தது. சரணத்தின் நடுவில் நீ இருமினாய். அடக்கப் பார்த்து மறுபடி இருமினாய். இரண்டு வாரமாகவே அந்த இருமல் இருந்தது. சளி என்றுதான் நீயும் சொன்னாய், நானும் நம்பினேன். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீரோவுக்குள்ளிருந்தே, "கொஞ்சம் வெளியே உட்காரேன், ப்ளீஸ்" என்றேன்.

"செரிட்டி, நீ பாடு" என்று எழுந்து போனாய். நான் கதவைச் சாத்திக்கொண்டு முதலிலிருந்து பாடினேன். அந்தப் பதிவில் ஒரு சத்தமும் இல்லை. பெருமையோடு அனுப்பினேன்.

மறுநாள் வேலைக்குப் போனாலும் டீக்கடைக்கு நீ வரவில்லை, உடம்பு முடியவில்லை என்றாய். போனில் எழுதி அனுப்பினாய்: "ஒருத்தரும் பேனா நிறுத்தல. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளு காலி பண்ணின பொறவு கழுவி விட்ட ரூம் மாதிரி இருக்கு. ஆளு இருந்த அடையாளமே இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு என்ன தெரியும்?" என்று எழுதினேன். நீ "செரி" என்று மட்டும் அனுப்பினாய். பத்து நாள் நாம் பேசவில்லை. அப்படி நாம் இருந்ததே இல்லை.

அடுத்த செய்தி உன் தம்பியிடமிருந்து வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தாய். நுரையீரலில் நோய் வெகுதூரம் போயிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "பாட்டு முடிஞ்சுதா?" என்றாய்.

"முடிஞ்சுது."

"போடு, கேப்போம்."

"போன்ல சார்ஜ் இல்ல."

நீ என்னையே பார்த்தாய். மழையில் பழைய படம் என்று சொன்னவளைப் பார்த்த அதே பார்வை. "கள்ளி" என்றாய். அதற்கே உனக்கு மூச்சு வாங்கியது. ஆறாம் நாள் நீ இல்லை.

உன் குரலைக் கேட்க வேண்டும் என்று தோன்றிய நாளில் எல்லாவற்றையும் தேடினேன். நீ எப்போதும் எழுத்தில்தான் அனுப்புவாய். "கவுண்டர்ல ஆளு நிக்காவ, பேச முடியாது" என்பாய். பாட்டுகளைத் திறந்தேன். பதிமூன்று பாட்டுகள். ஒவ்வொன்றிலும் நீ என் பின்னால் உட்கார்ந்திருந்தாய். ஒன்றில்கூட நீ இல்லை. வளையலை, சிரிப்பை, மூச்சை, இந்தக் கையாலேயே தேடித் தேடி அழித்திருக்கிறேன்.

மிஞ்சியது ஒன்று. கடைசிப் பாட்டுக்கு நீ இருமியதும் பாதியில் நிறுத்திய அந்த முதல் பதிவு. வேண்டாத பதிவு என்பதால் அதைச் சுத்தம் செய்யவில்லை. அதில் இருமல் இருக்கிறது, "செரிட்டி, நீ பாடு" இருக்கிறது, முக்காலி நகரும் சத்தம் இருக்கிறது, கதவு இருக்கிறது.

இங்கே ஒருவர் சின்னப் பாட்டுகளுக்கு இசை சேர்த்துத் தருகிறார். முதன்முறையாக ஒரு அந்நியருக்குப் பாட்டை அனுப்பினேன், அந்தப் பதிவைத்தான். "பாட்டு கொள்ளாம், நல்லாருக்கு. அந்த இருமலும் பேச்சும் மட்டும் களைஞ்சிட்டு அனுப்பு மோளே" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். என்னிடம் சுத்தமான பதிவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எதை அனுப்புவது என்று நான் கேட்கக்கூடிய ஆள் நீதான்.

அதனால் நேற்று உன் லாட்ஜுக்குப் போனேன். உன் இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட ஒரு அண்ணாச்சி இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ரெஜிஸ்டரைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். போனைக் கவிழ்த்து வைத்துப் பாட்டைப் போட்டேன். நாகர்கோவிலிலிருந்து மகளை ஆஸ்பத்திரியில் காட்ட வந்த ஓர் அம்மா எழுதிக்கொண்டிருந்தார். பல்லவி போயிற்று. மாடித் துணிகளைவிட நல்லது என்று நான் நினைத்த வரிகள் போயின. பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

நீ இருமினாய். பேனா நின்றது.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "யாரு மக்ளே அந்த இருமுகது? ஒரு மடக்கு தண்ணி குடுக்கப்பிடாதா?"

அண்ணாச்சி எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார், எனக்கு.

இருமல் அங்கேயே இருக்கட்டும் என்று இசைக்காரருக்கு எழுதிவிட்டேன். இரண்டாம் சரணத்துக்கு வார்த்தை வந்திருக்கிறது. அதை இன்று பாடியாக வேண்டும். வெளியே நடை திறந்துவிட்டார்கள், தேங்காய் உடைகிறது. உடையட்டும்.

பீரோவை மறுபடி திறக்குமுன் சமையலறைக்குப் போனேன். ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துவந்து முக்காலியின் மேல் வைத்திருக்கிறேன்.