நாலாவது பாட்டின் இரண்டு விநாடி

மார்ச் 4

கடையில் ஒரு அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. எங்கள் ராக் ஆல்பத்தை மறுபடியும் வெளியிடுகிறார்களாம். இசைத்தட்டாக வந்தபோது அட்டையில் நாலு பேரும் இருந்தோம். கேசட்டில் என் பாதி முகம் போயிற்று. சிடியில் என் முழங்கை மட்டும் மிச்சம். இந்தத் தடவை வினை உள்ளே வைக்கும் கையேட்டில். பேஸ் கிட்டார் வாசித்த மீசை (அவனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர்) எழுதியிருக்கிறான்: "நாலாவது பாட்டின் நடுவே வரும் அந்த நிசப்தம் என் யோசனை."

அவன் யோசனையா! ஊரே சிலாகிக்கிற அந்த இரண்டு விநாடி! டிரம்ஸ் அடித்தவன் நானா, அவனா?

ஆத்திரத்தில் அந்த அம்மாவுக்குக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிவிட்டேன்.

மார்ச் 5

"இருபத்தெட்டு வருஷமா அந்தக் கதைய நீங்க சொல்லி நான் கேட்டாச்சு. இப்ப அவர் கொஞ்சம் சொல்லிட்டுப் போகட்டுமே" என்கிறாள் மனைவி. இவள் யார் பக்கம்?

நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வெளியீடு. இசைத்தட்டுக் கம்பெனிப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன் – அந்த வரியை எடுக்கும்வரை என் கையெழுத்து கிடையாது.

மார்ச் 9

மீசையே போன் செய்தான். பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம்.

"ஏண்டா, ஒரு வரிக்கா இந்த ஆட்டம்?"

"அது என் நிசப்தம்டா!"

"அப்படியா? அதுல நீ என்ன வாசிச்ச?"

வைத்துவிட்டேன். சரியான பதில் குளிக்கும்போதுதான் தோன்றியது. எப்பவும் போல.

மார்ச் 10

டைரிக்கு மட்டும் – யோசனையும் இல்லை, மண்ணும் இல்லை. பதிவு நாளன்று வியர்வையில் குச்சி நழுவிப் பறந்தது. அடிப்பதை விட்டுவிட்டுக் குனிந்து தேடினேன்; நான் நின்றதால் மற்றவர்களும் நின்றார்கள். பேட்டிகளில் "மௌனமும் ஒரு தாளம்" என்று அளந்து அளந்து கடைசியில் நானே நம்பிவிட்டேன். இருக்கட்டுமே! விழுந்தது யார் குச்சி?

மார்ச் 14

ஆதாரம் தேடி ஒலிப்பதிவுக் கூடத்துக்கே போனேன். பழைய டேப்பில் ஒவ்வொரு மைக்கையும் தனியாகக் கேட்கலாமாம். அன்று ஒரே அறையில் நெருக்கியடித்து நின்று வாசித்தோம். என் மைக்கில் எல்லார் மூச்சும் விழுந்திருந்தது. ஒலிப்பதிவாளர் அதை மட்டும் திறந்தார்.

"சார், ஏதோ விழுது பாருங்க."

குச்சிதான். உருளும் சத்தம் வரை கேட்டது. வெற்றியோடு நிமிர்ந்தேன். உடனே பின்னால் மீசையின் குரல், கிசுகிசுப்பாக: "எல்லாரும் நில்லுங்கடா... எடுடா, எடு, பதறாத... இப்ப!"

மற்றவர்கள் தாமாக நிற்கவில்லை. அவன் நிறுத்தியிருக்கிறான். நான் எடுக்கும்வரை காத்திருந்து என்னையும் சேர்த்து இழுத்துப் போயிருக்கிறான். அன்றிருந்த பயத்தில் என் காதில் ஒன்றும் ஏறவில்லை. என் பேட்டிகளையெல்லாம் படித்துவிட்டு இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான், படுபாவி! சொல்லித் தொலைத்திருக்கலாமே? இதை எப்படி மன்னிப்பது?

"அந்தப் பேச்சுக் குரல அழிச்சிடட்டுமா சார்?"

"கைய வெச்சீங்க, அவ்வளவுதான்!" – கத்திவிட்டேன். பாவம் அந்த மனுஷன்.

மார்ச் 17

கையெழுத்துப் போட்டேன். மீசையின் வரி அப்படியே இருக்கட்டும். ஒரே நிபந்தனை, என் மைக்கின் அந்தத் துண்டை ஆல்பத்தின் கடைசியில் சேர்க்க வேண்டும்.

"சார், உங்க தப்பு பளிச்சுனு தெரியுமே" என்றாள் கம்பெனிப் பெண்.

"தெரியட்டும்மா."

ஜூன் 2

இசைத்தட்டு வந்தது. மீசை போன் செய்தான்.

"நீயா என்னிக்காவது சொல்லுவேன்னுதான்டா இருந்தேன், கழுதை."

ஞாயிற்றுக்கிழமை வருகிறான். "அவருக்குக் காப்பில சர்க்கரை எவ்வளவு?" என்கிறாள் மனைவி. எனக்குத் தெரியவில்லை. போன் செய்து கேட்கத்தான் வேண்டும்.