ஊருக்கே ஊட்டிய கை

அனுப்புநர்:
ப்யோ மால்சூன்,
சிப்பி வியாபாரம் (தற்சமயம் சீல்),
குல்கே படகுத்துறை, ஹேசோங் வட்டம்.

பெறுநர்:
டாக்டர் நாம்குங் அவர்கள்,
வட்டாரச் சுகாதார அலுவலர், ஹேசோங்.

பொருள்: ஊரில் பரவிய வாந்திபேதிக்கு என் சிப்பிதான் காரணம் என்று கடைக்கு வைத்த சீலை எடுக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற சனிக்கிழமை எங்கள் பொதுக்கூடத்தில் ஊரே கூடிக் குளிர்காலத்துக்குக் கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போட்டது. தாங்கள் சிறப்பு விருந்தினராக வந்து பெருமைப்படுத்தினீர்கள். மறுநாள் பாதி ஊர் கழிப்பறையே கதியென்று கிடந்தது. திங்களன்று தங்கள் ஆட்கள் என் கடையைப் பூட்டினார்கள். கிம்ச்சி போடும் இந்த ஒரு மாதம்தான் சிப்பி விற்கும். அதுவும் போனால் குளிர்காலம் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் இருக்க வேண்டும்.

2. அன்று தாங்கள் வந்ததும் வராததுமாகக் கழிப்பறை எங்கே என்று கேட்டீர்கள். காட்டியது நான்தான். "நேத்துலேர்ந்து வயித்தால போகுதுக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றீர்கள். இதுவரை சொல்லவில்லை. இப்போதும் தங்களிடம் மட்டுமே சொல்கிறேன்.

3. கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வெளியே வந்து கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டீர்கள். 'இந்தக் கிருமிக்குச் சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கழுவவும்' என்று தங்கள் அலுவலகம் ஒட்டிய சுவரொட்டிக்குக் கீழே நின்றுதான் தேய்த்தீர்கள். நான் கையுறையை நீட்டினேன். தங்களுடன் வந்த புகைப்படக்காரர் விடவில்லை. "வெறுங்கையால ஊட்டுங்க சார், அப்பத்தான் படம் அம்சமா இருக்கும்!" தாங்களும் கிம்ச்சி இலையில் பச்சைச் சிப்பியைச் சுருட்டி, "ஆ காட்டுங்கக்கா, ஆ!" என்று வரிசையாக ஊட்டினீர்கள். பெரிய மனிதர் ஊட்டும்போது வாயை மூடிக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும்? நான் அடுப்படியில் இறைச்சி வேகவைத்துக்கொண்டிருந்ததால் தப்பினேன். அதே கூடைச் சிப்பியை என் கையால் எடுத்துத் தின்றேன். எனக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை.

4. மலைக்கோயில் பிக்குணி ஹேவொன் அம்மையாரும் படுத்துவிட்டார். அவர் சிப்பி தொடாதவர், பூண்டுகூடத் தொடாதவர். தாங்கள் ஊட்டிய வெறும் உப்புக் கோஸ் இலை ஒன்றைத்தான் மரியாதைக்காக விழுங்கினார். அதில் என் சிப்பி எப்படிப் புகுந்தது என்று தாங்களே விளக்க வேண்டும்.

கடை முன்னால் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது, ஐயா.

ஆகவே இந்த வாரமே சீலை எடுத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தங்கள் ஆட்கள் என் மலத்தைச் சோதித்து, கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாங்களும் சோதனைக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். கொடுக்கும்போது நான் கூச்சப்படவில்லை. தாங்களும் கூச்சப்பட வேண்டாம்.

இடம்: குல்கே
நாள்: டிசம்பர் 3

இப்படிக்கு,
நல்ல வயிற்றுடன்,
ப்யோ மால்சூன்

இணைப்பு: மூடி போட்ட டப்பா ஒன்று, காலி.
நகல்: மாகாண ஆளுநர் அவர்கள் (எழுதி வைத்திருக்கிறேன், டப்பா நிரம்பித் திரும்பி வராவிட்டால்தான் தபாலில் சேர்ப்பேன்).